போ என்கிற ஊரில் ஒரு ஓய்வு நாள்

ஊர் பேரே 'போ'தாங்க. பிரெஞ்சுக்காரங்க மூணு எழுத்து போட்டு எழுதுவாங்க, ஆனா வாயில வர்றது ஒத்தை எழுத்துதான். லீவுக்கு எங்கே போறீங்கன்னு வீட்ல கேட்டப்ப "போ"ன்னு சொல்லிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை. அதை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

2015 ஜூலை. வேலை விஷயமா அப்போ துலூஸ்ல இருந்தேன். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை டிவியில பார்த்துப் பார்த்து, ஒரு தடவையாவது ரோட்டோரம் நின்னு நேர்ல பார்த்துடணும்னு ரொம்ப நாள் ஆசை. கூட வேலை பார்த்த மதுரைத் தம்பி ஒருத்தரும் வர்றேன்னார். அட்டவணையை பிரிண்ட் எடுத்தது நான்தான். 13-ஆம் தேதி திங்கள்கிழமைக்கு நேரா 'போ', பக்கத்துல 'ரெப்போ'. சரி, போ-வில் கிளம்பி ரெப்போங்கிற ஏதோ மலையடிவாரத்து ஊர்ல முடியுது போலன்னு நினைச்சு ரெண்டு நாள் லீவு, ரயில் டிக்கெட், ரூம் எல்லாம் போட்டாச்சு. (பிரெஞ்சு நமக்கு காபி கேட்கிற அளவுக்குத்தான் வரும்.)

திங்கள் காலைல குளிச்சு, தொப்பி, தண்ணி பாட்டில் சகிதம் தெருவுக்கு வந்தா, தடுப்புக் கட்டை இல்லை, போலீஸ் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு அம்மா நாயைக் கூட்டிக்கிட்டு நடந்து போறாங்க. தம்பி ரொட்டிக் கடையில விசாரிச்சுட்டு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, ரெப்போன்னா ஊர் இல்லையாம். ஓய்வாம்."

மூணு வாரப் பந்தயத்துல ரெண்டே ரெண்டு நாள் ஓய்வு. அதுல ஒண்ணைப் பார்க்க காசு செலவழிச்சு வந்த ரசிகன் நானாத்தான் இருப்பேன். அன்னிக்குப் பூரா தம்பி என்கிட்ட மரியாதையாத்தான் நடந்துக்கிட்டார். அதுதான் ரொம்ப வலிச்சது.

ஆனா அந்த வெறும் நாள்தான் என்னை இந்த விஷயத்துக்குள்ள தள்ளிவிட்டது. அப்புறம் தேடித் தேடிப் படிச்சதுல ஒண்ணு புரிஞ்சது. இந்தப் பந்தயத்தோட சரித்திரத்துல நிறைய சங்கதி, சைக்கிள் ஓடாத நாட்கள்ல நடந்திருக்கு. அதுலயும் இந்த 'போ'வுக்கு ஒரு தனி இடம் உண்டு.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். ரயில் நிலையம் பள்ளத்துல, ஊர் மேட்டுல. ரெண்டுக்கும் நடுவுல 1908-லேர்ந்து கம்பியால இழுக்கிற குட்டி ரயில் ஒண்ணு ஓடுது. காசு கிடையாது. மேல ஏறி இறங்கினா நீளமா ஒரு சாலை, அதுக்கு எதிர்ல கண்ணுக்கெட்டின வரைக்கும் பிரனீஸ் மலை. 1553-ல நான்காம் ஹென்றி ராஜா பிறந்த கோட்டை இங்கதான் இருக்கு. அவருக்குத் தொட்டிலா இருந்ததுன்னு ஒரு ஆமை ஓட்டை வச்சுக் காட்டறாங்க. 19-ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ்காரங்களுக்கு இந்த ஊர் மேல ஒரு மோகம். அலெக்ஸாண்டர் டெய்லர்னு ஒரு டாக்டர், இந்த ஊர் காத்து நோயாளிகளுக்கு ரொம்ப நல்லதுன்னு 1842-ல புஸ்தகமே போட்டார். வசதியுள்ளவங்க குளிர்காலத்துக்கு வந்து தங்க ஆரம்பிச்சாங்க. சும்மா தங்கினா பொழுது போகணுமே, 1856-ல கோல்ஃப் மைதானம் வந்தது. ஐரோப்பாக் கண்டத்துல அதுதான் முதல். ஆக, ஓய்வை வித்துப் பொழைச்ச ஊர் இது. 1930-ல முதல் தடவையா சைக்கிள் பந்தயம் இங்கே வந்துச்சு. அன்னிக்கு ஜெயிச்சது இத்தாலிக்காரர் பிந்தா. அதுலேர்ந்து எழுபது தடவைக்கு மேல வந்தாச்சு. பாரிஸ், போர்தோவுக்கு அடுத்தபடி இந்த ஊர்தான். காரணம் பெரிசா ஒண்ணும் இல்லை. மலைக்கு முன்னாடி கடைசி பெரிய ஊர், ஹோட்டல் நிறைய.

இப்ப ஆரம்பத்துக்குப் போவோம். 1903. 'லோட்டோ'ன்னு ஒரு விளையாட்டுப் பத்திரிகை, ஆசிரியர் ஆன்றி தெக்ரான்ஜ். போட்டிப் பத்திரிகையை ஓரங்கட்டறதுக்காக பிரான்ஸைச் சுத்தி ஒரு சைக்கிள் பந்தயம்னு அறிவிச்சார். முதல்ல சொன்னது 5 வாரம். பந்தயம் தொடங்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் பேர் கொடுத்தவங்க 15 பேர்தான். ஏன்? யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு சைக்கிள் ஓட்டினவங்கள்ல பெரும்பாலானவங்க தொழிலாளிங்க. 5 வாரம் வேலைக்குப் போகாம இருந்தா வீட்ல அடுப்பு எரியணுமே! தெக்ரான்ஜ் பந்தயத்தைத் தள்ளிவச்சு, 19 நாளாச் சுருக்கினார். நுழைவுக் கட்டணம் 20 ஃபிராங்கை 10 ஆக்கினார். முதல் 50 பேருக்கு நாளுக்கு 5 ஃபிராங்க் படின்னும் சொன்னார். கிட்டத்தட்ட ஒரு ஃபாக்டரி ஆளோட தினக்கூலி அது. உடனே 60 பேர் வந்து நின்னாங்க. ஓய்வு நாளுக்கும் கூலி கொடுத்தாத்தான் ஏழை ஓய்வெடுக்க முடியும்ங்கிறதை ஒரு பத்திரிகை முதலாளி தன்னோட காரியத்துக்காகக் கண்டுபிடிச்சிருக்கார் பாருங்க.

அந்த 19 நாள்ல மொத்தம் 6 கட்டம்தான். பாரிஸ்லேர்ந்து லியோன் 467 கிலோமீட்டர், கடைசி கட்டம் நான்த்-பாரிஸ் 471. மொத்தம் 2,428. ஒவ்வொண்ணும் பகல், ராத்திரின்னு ஓடினது. முதல் கட்டத்தை ஜெயிச்ச மோரீஸ் கரேனுக்கே 17 மணி 45 நிமிஷம் ஆச்சு. அதனால ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு நாள், மூணு நாள் இடைவெளி. உடம்புக்கு அது வேணும், வாஸ்தவம். பத்திரிகைக்கும் அது வேணும்னு எனக்குத் தோணுது. நிருபர் எழுதி, அச்சடிச்சு, ஜனங்க வாங்கிப் படிச்சு, அடுத்தது என்னன்னு அவங்க காத்துக்கிட்டிருக்கணுமில்லையா? வாராந்திரத் தொடர்கதை மாதிரிதான். 'லோட்டோ' விற்பனை அந்த ஒரே பந்தயத்துல சுமார் 25 ஆயிரத்துலேர்ந்து 65 ஆயிரத்துக்குப் போச்சு.

ஆனா ஓய்வு எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. இதுதான் எனக்கு ரொம்ப உறைச்சது. கரேன் ஜெயிச்சார். 21 பேர் கடைசி வரைக்கும் வந்தாங்க. 21-ஆவதா வந்த மில்லோஷோ, மொத்தக் கணக்குல கரேனுக்கு சுமார் 65 மணி நேரம் பின்னாடி. இந்த 65 மணி நேரம் எங்கேர்ந்து வந்துச்சு? எல்லாம் அவரோட ஓய்வு நேரத்துலேர்ந்து கழிச்சதுதான். முதல் ஆள் ஊர் வந்து, குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கும்போது, கடைசி ஆள் இன்னும் ரோட்ல மிதிச்சுக்கிட்டு இருப்பார். அடுத்த கட்டம் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதான் கிளம்பும். மெதுவாப் போறவனுக்குத்தான் ஓய்வு அதிகம் வேணும், அவனுக்குத்தான் அது கம்மியாக் கிடைக்கும்.

அதுக்கப்புறம் 1906-லேர்ந்து 1924 வரைக்கும் ஏறக்குறைய ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வுன்னு ஒரு முறை. கேட்க சுகமா இருக்கா? 1919-ல, முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட நடந்த பந்தயத்துல, ஒரே ஒரு கட்டம் 482 கிலோமீட்டர். கிளம்பினது 67 பேர், கணக்குல முடிச்சது 10 பேர். பெரிய கம்பெனி ஆதரவு இல்லாத ஆளுங்க, ஓய்வு நாள்லதான் தங்க இடம் தேடணும், கிழிஞ்ச டயரை ஒட்டணும், துணி துவைக்கணும். ஜூல் தெலோஃப்ர்னு ஒருத்தர், ரூம் வாடகைக்குக் காசு சேர்க்கறதுக்காக, பந்தயம் முடிஞ்ச தெருவுலயே கரணம் போட்டு வித்தை காட்டுவாராம். பல நூறு கிலோமீட்டர் மிதிச்ச காலோட! அப்படி 14 தடவை இந்தப் பந்தயத்துல கலந்துக்கிட்டிருக்கார் மனுஷன்.

இந்தப் பந்தயத்தோட முதல் சாவும் ஓய்வு நாள்லதான். 1910 ஜூலை 14, நீஸ் நகரம், பிரெஞ்சு தேசிய தினம். அடால்ஃப் எலியேர்னு ஒரு சின்னப் பையன், கடல்ல குளிக்கப் போனவர் மூழ்கிச் செத்துப்போனார். அந்த வருஷம்தான் முதல் தடவையா பிரனீஸ் மலைமேல பந்தயத்தை விட்டாங்க. கரடி இருக்கிற காடு, பாதையே சரியில்லை, யாராவது செத்துடுவாங்கன்னு எல்லாரும் பயந்தது அதைப் பார்த்துதான். மலைக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, சைக்கிளைத் தொடாத நாள்ல, தண்ணியில போயிடுச்சு ஒரு உசுரு. மறுநாள் மத்தவங்க கிளம்பிட்டாங்க. கிளம்பித்தானே ஆகணும்.

1927-ல 24 கட்டம்னு ஆக்கினாங்க. தூரம் குறைஞ்சது, தினம் ஓடறது கூடுச்சு, ஓய்வு நாள் கரைய ஆரம்பிச்சது. இப்ப ரெண்டுதான், பெரும்பாலும் திங்கள்கிழமை. அன்னிக்கும் யாரும் படுத்துத் தூங்கறதில்லை. போ-வில் அன்னிக்குக் காலைல நாங்க சோகமா காபி குடிச்சுட்டு இருந்தப்ப, ஒரே நிற சட்டை போட்ட ஆறேழு பேர் சைக்கிள்ல சர்ர்ருன்னு எங்களைத் தாண்டிப் போனாங்க. பேரெல்லாம் தெரியலை. நாலு செகண்டு இருக்கும். "அண்ணே, பார்த்துட்டோம்ல"ன்னார் தம்பி. பெரிய மனசு. ஓய்வு நாள்லயும் ஒன்றரை, ரெண்டு மணி நேரம் மிதிக்கிறது வழக்கமாம். ஒன்பது நாளா மிதிச்ச உடம்பை சடார்னு நிறுத்தினா, காலு மறுநாள் மக்கர் பண்ணிடும். நாத்து நடறவங்களும் சொல்வாங்களே, நடுவுல ஒரு நாள் உட்கார்ந்துட்டா மறுநாள் குனிய முடியாதுன்னு. அதேதான்.

இந்த விதியை மீறின கதைதான் 1964 அண்டோரா. என்னைக் கேட்டா ஓய்வு நாள் கதைகள்லயே மகுடம் இது. ஜாக் ஆங்கெதில், அதுக்கு முன்னாடியே நாலு தடவை ஜெயிச்ச ஆளு, அஞ்சாவதுக்குக் குறி. எதிர்ல ரேமோன் பூலிதோர், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, ஜனங்களோட செல்லம். அந்த வருஷம் ஒரு ஜோசியக்காரர், 14-ஆவது கட்டத்துல ஆங்கெதிலுக்குக் கண்டம்னு சொல்ல, அது பேப்பர்லயும் வந்துடுச்சு. அந்த 14-ஆவது கட்டத்துக்கு முன்னாடி நாள்தான் அண்டோராவுல ஓய்வு. மத்தவங்க எல்லாம் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வந்தாங்க. இவர் போகலை. மலைமேல முழு ஆட்டை நெருப்புல வாட்டி விருந்து போட்டாங்க, அங்கே போய் நல்லா சாப்பிட்டு, குடிச்சு, போட்டோவுக்கும் சிரிச்சார்.

மறுநாள் காலைல கிளம்பின உடனே ஏத்தம். என்வலீரா கணவாய், 2,400 மீட்டர் உயரம். பூலிதோரும் ஸ்பெயின்காரங்களும் முதல்லயே பிச்சுக்கிட்டுப் போனாங்க. ஆங்கெதிலுக்குக் காலும் வரலை, மூச்சும் வரலை. உச்சியை எட்டறப்ப சுமார் நாலு நிமிஷம் பின்னாடி. அவரோட மேனேஜர் ஜெமினியானி ஒரு பாட்டில்ல ஷாம்பெயினை ஊத்திக் கொடுத்து உசுப்பினார்ங்கிறது கர்ண பரம்பரைக் கதை. உண்மையோ பொய்யோ, அதுக்கப்புறம் நடந்தது உண்மை. ஒரே பனிமூட்டம், பாதை தெரியலை. செத்துப்போவேன்னு ஜோசியம் சொன்ன அதே நாள்ல, முன்னாடி போற கார் விளக்கைப் பார்த்து அந்த இறக்கத்துல பாய்ஞ்சார் மனுஷன். கீழே சமவெளியில கூட்டத்தைப் பிடிச்சும்விட்டார். விதி அத்தோட நிக்கலை. துலூஸ் நெருங்கறப்ப பூலிதோர் சக்கரத்துல கம்பி உடைஞ்சு, சைக்கிள் மாத்தி, மெக்கானிக் அவசரத்துல தள்ளிவிட்டதுல கீழே விழுந்து, ரெண்டரை நிமிஷத்துக்கு மேல போச்சு. பாரிஸ்ல ஆங்கெதில் ஜெயிச்சது எத்தனை வித்தியாசத்துல தெரியுமா? 55 செகண்டு. பூலிதோர் வாழ்நாள்ல ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை போட்டதில்லை. (நான் பூலிதோர் கட்சி. ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை.)

ஓய்வு கேட்டு வேலை நிறுத்தமும் நடந்திருக்கு. 1978 ஜூலை 12. ஒரே நாள்ல ரெண்டு கட்டம், முந்தின ராத்திரி மலையிலேர்ந்து இறங்கி ஊர் மாறி லேட்டாப் படுக்கை, விடியக்காலை எழுந்திரு. ஊருக்கு ஊர் காசு வாங்கறதுக்காக அமைப்பாளர்கள் பண்ற வேலை இது. வீரர்கள் வேணும்னே ஆமை வேகத்துல ஓட்டி, வலான்ஸ் தஜான் ஊர்ல எல்லைக்கோட்டுக்கு முன்னாடி இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடந்து போனாங்க. முன் வரிசையில பெர்னார் இனோ, அப்போ 23 வயசு, முதல் டூர். கூட்டம் கூச்சல் போட்டுச்சு. அசையலை. அந்தக் கட்டமே ரத்தாச்சு. அந்த வருஷம் பந்தயத்தை ஜெயிச்சதும் அவர்தான்.

சரி, மறுபடி போ-வுக்கு வருவோம். இனிமே வர்றது கொஞ்சம் கசப்பு.

மூணு வாரம் மிதிச்சா ரத்தத்துல சிவப்பணு விகிதம் இறங்கும். முன்னாடியே எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்ச ரத்தத்தை நடுவுல ஏத்திக்கிட்டா புது ஆளா எழுந்திருக்கலாம். அதுக்கு ஒரு அமைதியான ரூம், அவசரமில்லாத ஒரு நாள் வேணும். ஓய்வு நாளை விட்டா வேற எது? ஆர்ம்ஸ்ட்ராங் விவகாரத்துல 2012-ல அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கையில, கூட ஓட்டினவங்களே இந்த ரத்தப் பை கதையெல்லாம் சாட்சி சொல்லியிருக்காங்க.

2007 ஜூலை 24, போ, ஓய்வு நாள். கஜகஸ்தான்காரர் வினோகுரோவ், ஒரு நாள் ஜெயிச்சு, மறுநாள் அரை மணி நேரம் தோத்து, அதுக்கு மறுநாள் மறுபடி ஜெயிச்சு எல்லாரையும் கண்கலங்க வச்சிருந்தார். அன்னிக்கு ரிசல்ட் வந்துச்சு: உடம்புல இன்னொருத்தர் ரத்தம். அணியே மூட்டை கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போச்சு. அதே நாள் அதே ஊர்ல, மஞ்சள் சட்டையில இருந்த டென்மார்க்காரர் ராஸ்முஸன், நிருபர்களைக் கூட்டி 'நான் சுத்தம்'னு விளக்கம் கொடுத்தார். மறுநாள் மலைமேல ஜெயிச்சார். அன்னிக்கு ராத்திரியே, பரிசோதனைக்கு முன்னாடி எந்த நாட்டுல இருந்தோம்கிறதுல பொய் சொன்னார்னு அவரோட சொந்த அணியே வெளியே அனுப்பிடுச்சு. கடைசியில பந்தயத்தை ஜெயிச்சது ஸ்பெயின்காரர் ஆல்பெர்டோ கோன்டடோர்.

2010 ஜூலை 21, மறுபடி போ, மறுபடி ஓய்வு நாள். இந்தத் தடவை கோன்டடோரே. அன்னிக்கு எடுத்த சிறுநீர்ல கிளென்புடெரால், ஒரு மில்லியில 50 பிகோகிராம். (ஒரு கிராமை லட்சம் கோடியால வகுத்தா ஒரு பிகோகிராம்.) ஸ்பெயின்லேர்ந்து வாங்கிட்டு வந்த மாட்டுக்கறியில இருந்திருக்கும்னார் அவர். 2012 பிப்ரவரியில சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பு சொன்னப்ப, கறியும் இல்லை, ரத்தமும் இல்லை, ஏதோ கலப்படமான சத்து மாத்திரையா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லிட்டு, ஆனாலும் தண்டனை தண்டனைதான்னு பட்டத்தைப் பிடுங்கி, ரெண்டாவதா வந்த லக்ஸம்பர்க்காரர் ஆண்டி ஷ்லெக் கையில கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் 39 செகண்டு.

அதே 2012 ஜூலை 17. அதே ஊர், அதே ஓய்வு நாள். ஆண்டியோட அண்ணன் ஃப்ராங்க் ஷ்லெக் சாம்பிள்ல சிறுநீர் பெருக்கி மருந்து. பந்தயத்தை விட்டு வெளியே. வேணும்னு பண்ணலைன்னு ஒத்துக்கிட்டும் 12 மாசம் தடை.

ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்க பாவம். ஹோட்டல் நிறைய கட்டினது ஒரு குத்தமா?

நாங்க இருந்த நாளுக்கு வர்றேன். கோட்டை பார்த்தோம், ஆமை ஓட்டைப் பார்த்தோம், மலையைப் பார்த்தோம். சாயங்காலம் ரூமுக்கு வந்து டிவியைப் போட்டா, நாங்க இருக்கிற ஊர்தான். மேஜைக்குப் பின்னாடி இத்தாலிக்காரர் இவான் பாஸோ. பக்கத்துல, அதே கோன்டடோர், அப்போ ரெண்டு பேரும் ஒரே அணி. பாஸோ கண்ணைத் துடைச்சுக்கிறார். மொழி புரியலை. "மறுபடியும் மாட்டிக்கிட்டாங்க போலண்ணே"ன்னார் தம்பி. நானும் அப்படித்தான் நினைச்சேன். பாஸோவும் ஒரு காலத்துல ரத்தப் பை விவகாரத்துல ரெண்டு வருஷம் தடையில இருந்த ஆளு. இந்த ஊர்ல, இந்த நாள்ல, அழற முகத்தைப் பார்த்தா வேற என்னன்னு நினைக்கிறது?

அப்புறம் கீழே எழுத்து ஓடினப்பதான் ஒரு வார்த்தை புரிஞ்சுது. கேன்சர். அஞ்சாவது கட்டத்துல கீழே விழுந்து அடிபட்டிருக்கார். வலி விடலை. பரிசோதிச்சதுல விதைப்பையில கட்டி. விழாம இருந்திருந்தா எப்பத் தெரிஞ்சிருக்குமோ! அறுவை சிகிச்சை முடிஞ்சு குணமாகி, அதே வருஷம் அக்டோபர்ல பந்தயத்துக்கே முழுக்குப் போட்டுட்டார்.

ரூம்ல ரொம்ப நேரம் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கலை. தம்பி மெதுவா, "தப்பா நினைச்சுட்டோம்ண்ணே"ன்னார்.

மறுநாள், ஜூலை 14, தார்ப் ஊருக்கு ரயில் பிடிச்சுப் போய், பந்தயம் கிளம்பறதைப் பார்த்துட்டோம். கூட்டம் மெதுவாத்தான் போச்சு, நல்லாப் பார்க்க முடிஞ்சுது. பாஸோ இல்லாம அவர் அணி எட்டுப் பேரா வந்தது. கோன்டடோரை எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. அன்னிக்கு மலைமேல ஃப்ரூம் ஜெயிச்சார், கோன்டடோர் கிட்டத்தட்ட மூணு நிமிஷம் பின்தங்கினார். அதை துலூஸ் போற ரயில்ல, தம்பியோட போன்ல, சிக்னல் வர்றப்பல்லாம் பார்த்தோம்.